சாதாரண தரம் முடித்த தம்பியைக் கொழும்புப் பாடசாலைக்கு மாற்றலாமா?

கேள்வி: தோட்டத்து அக்கா

நாங்கள் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவர்கள். தம்பி சாதாரண தரத்தில் கணிதத்துக்கு பீ, விஞ்ஞானத்துக்கு சீ உட்பட ஒன்பது பாடங்களிலும் சித்தியடைந்திருக்கிறான். தெரிந்தவரின் கடையில் சேர்த்துவிடலாம் என்கிறார் அப்பா. அம்மாவோ, "படிக்கட்டும்" என்பதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை. அவன் இதுவரை படித்த பாடசாலையில் உயர்தரக் கணித, விஞ்ஞானப் பிரிவுகள் இல்லை. நான் வெள்ளவத்தையில் வேலை செய்வதால், அவனை என்னுடன் வைத்துக்கொண்டு கொழும்பிலேயே கணிதப் பிரிவில் சேர்க்க நினைக்கிறேன். இது சரியான முடிவா?

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியர், ஹட்டன்

மகள், உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் பாடசாலையை மாற்றும்போது மாவட்டமும் மாறிவிடும் என்பதைப் பலர் பெறுபேறு வந்த பிறகுதான் உணர்கிறார்கள். பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகை விகிதப்படியும், மீதி 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை எனக் கொள்ளப்படும் 16 மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. உங்கள் மஸ்கெலியா அடங்கும் நுவரெலியாவும், பதுளையும் அந்தப் பதினாறில் உள்ளவை. ஒருவரின் மாவட்டம் எதுவென்பது, அவர் கடைசி மூன்று ஆண்டுகளில் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் கூடுதல் காலம் படித்தார் என்பதைக் கொண்டே தீர்மானிக்கப்படுகிறது. சொந்த வீடு மஸ்கெலியாவில் இருப்பது இதற்கு உதவாது. உயர்தரம் முழுவதையும் கொழும்பில் படித்தால், உங்கள் தம்பி கொழும்பு மாணவர்களுடன், பொதுவாக உயர்ந்திருக்கும் கொழும்பு வெட்டுப்புள்ளிக்கே (அனுமதிக்கான குறைந்தபட்சப் புள்ளி) போட்டியிட வேண்டியிருக்கும். ஹட்டனிலோ நுவரெலியாவிலோ கணிதப் பிரிவுள்ள தமிழ்ப் பாடசாலையை முதலில் விசாரியுங்கள். இணைந்த கணிதத்துக்கும் பௌதிகவியலுக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா என்று நேரில் கேளுங்கள். பெயர்ப்பலகையில் பிரிவு இருக்கும், வகுப்பறையில் ஆசிரியர் இருக்க மாட்டார். அது கிடைக்காவிட்டால் மட்டும் கொழும்பை யோசிக்கலாம்.

அதற்கும் முன்னால், தம்பிக்கு எதில் கை போகிறது?

தோட்டத்து அக்கா

ஐயா, மாவட்ட விடயம் எனக்கு இதுவரை தெரியாது. அவனுக்குக் கை போவது கழற்றிப் பூட்டுவதில்தான். லயத்தில், அதாவது எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில், யார் வீட்டு அயன் பெட்டி பழுதானாலும் எங்கள் வாசலுக்கு வந்துவிடும். கழற்றிய ஆணிகளை வரிசை மாறாமல் தீப்பெட்டியில் போட்டு வைத்துக்கொண்டு, விளக்கு வைத்த பிறகும் அதோடுதான் இருப்பான்.

பதில்: மின்னியலாளர், பண்டாரவளை

அக்கா, அப்படியானால் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவையும் பாருங்கள். 2013இல் தொடங்கிய இந்தப் பிரிவில் பொறியியல் தொழில்நுட்பமும் தொழில்நுட்பவியலுக்கான விஞ்ஞானமும் முதன்மைப் பாடங்கள். அதிலிருந்தும் பல்கலைக்கழகம் போகலாம். நான் உயர்தரத்தில் சறுக்கியவன். தேசிய தொழில் தகைமை நான்காம் மட்டத்தை முடித்து வேலைக்குப் போய், பிறகு ஐந்தாம் மட்ட டிப்ளோமாவும் செய்தேன். ஏழாம் மட்டம் பட்டத்துக்குச் சமம். இரத்மலானையிலுள்ள, யுனிவொடெக் எனப்படும் தொழிற்கல்வித் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் வரை இந்த வழியில் ஏற முடியும். தோற்றவர்கள் போகும் இடம் என்று நம் ஊரில் இதைச் சொல்வது எனக்கு இன்றும் எரிச்சலூட்டும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பயிற்சி எந்த மொழியில் நடக்கிறது என்று சேருவதற்கு முன்பே கேளுங்கள். விண்ணப்பம் தமிழில் இருந்ததை நம்பிச் சேர்ந்த எனக்கு, முதல் மூன்று மாதமும் சிங்களத்தில் நடந்த வகுப்பில் கரும்பலகைப் படங்கள் மட்டும்தான் விளங்கின. இன்னொன்று, பிறப்புச் சான்றிதழிலும் பாடசாலைப் பதிவிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே ஒப்பிட்டுப் பாருங்கள்.

தோட்டத்து அக்கா

நல்ல வேளை சொன்னீர்கள். அம்மாவிடம் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் ஓரெழுத்து மாறியிருக்கிறது. இதை யாரிடம் கொண்டுபோக வேண்டும்?

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியர், ஹட்டன்

பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம், மகள். அப்பாவின் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் சேர்த்தே எடுத்துப் போகச் சொல்லுங்கள். ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய கூலியை, இழந்து போகிறவரை இரண்டு முறை அலையவிட வேண்டாம்.