இவாசாக்கி மாளிகை: பின்னால் இருக்கும் வீட்டையும் பாருங்கள்

டோக்கியோவில் உயெனோ பூங்காவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அருங்காட்சியகம், மிருகக்காட்சிசாலை என்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஷினோபாசு குளத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் பழைய இவாசாக்கி மாளிகை. யுஷிமா ரயில் நிலையத்தில் இறங்கினால் இன்னும் பக்கம். ஜப்பானில் நான் பார்த்த பழைய வீடுகளிலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான்.

சரளைக்கல் பாதை மேடேறி வளைகிறது. திரும்பியதும் ஒரு பிரம்மாண்டமான கிங்கோ மரம், அதன் பின்னால் வெளிர்மஞ்சள் நிறத்தில் கோபுரம் வைத்த ஆங்கில மாளிகை. 1896இல் கட்டியது. கட்டச் சொன்னவர் மிட்சுபிஷியின் மூன்றாவது தலைவர் இவாசாக்கி ஹிசாயா. வரைந்து கொடுத்தவர் ஜோசையா காண்டர். ஜப்பான் அரசு மேற்கத்தியக் கட்டடக்கலையைக் கற்றுத்தர 1877இல் லண்டனிலிருந்து வரவழைத்த இளைஞர் அவர். வரும்போது வயது 24. டோக்கியோ ரயில் நிலையத்தைக் கட்டிய தாத்சுனோ கிங்கோ அவருடைய மாணவர்தான். காண்டர் ஜப்பானிய ஓவியம் கற்றார், ஜப்பானியப் பெண்ணை மணந்தார், டோக்கியோவிலேயே காலமானார்.

வாசலில் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக் கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். உள்ளே காலடி வைத்ததும்தான் உறைக்கிறது, இது முழுக்க மரவீடு. தூரத்திலிருந்து பார்க்கும்போது கல் கட்டடம் மாதிரி கம்பீரமாக இருந்ததெல்லாம் மரம். மாடிப்படியோரம் நிற்கும் இரட்டைத் தூண்களின் செதுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடலாம். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பாணி அது. ஆனால் பெண் விருந்தினர் அறைக்குள் போனால் அலங்காரம் இஸ்லாமியச் சாயலுக்கு மாறிவிடுகிறது. அண்ணாந்து பார்த்தால் விதானம் முழுக்கப் பட்டுத்துணி, அதில் பூ எம்பிராய்டரி. கழுத்து வலிக்கும் வரை பார்த்தேன்.

மாடி அறைகளின் சுவரைக் கட்டாயம் கிட்டப் போய்ப் பாருங்கள். தங்க நிறத்தில், புடைத்த பூவேலையோடு, தோல் ஒட்டியது போல இருக்கும். தோல் இல்லை, காகிதம். ஐரோப்பிய மாளிகைகளில் சுவருக்குப் பொன்பூச்சுத் தோல் ஒட்டுவார்கள். அதைப் பார்த்து ஜப்பானியர்கள் தங்கள் கைக்காகிதத்திலேயே செய்துவிட்டார்கள். காகிதத்தின் மேல் உலோகத் தகடு ஒட்டி, ஈரமாக இருக்கும்போதே பூ செதுக்கிய மர உருளைமேல் போர்த்தி, அந்த வேலைப்பாடு காகிதத்தில் எழும்பி வரும்வரை தூரிகையால் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம்தான் அரக்கும் வண்ணமும். 'கின்கராகாவாகாமி' என்று பெயர். இது ஐரோப்பாவுக்கே ஏற்றுமதியானது. இப்போது இங்கே இருப்பது புதுப்பிக்கும்போது அதே முறையில் மறுபடி செய்து ஒட்டியது. வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது ஒவ்வொரு இதழின் விளிம்பும் தனியாகத் தெரிகிறது.

தெற்குப் பக்கம் இரண்டு மாடியிலும் தூண் வைத்த வராண்டா உண்டு. கீழ்த்தளத்தில் பதித்திருப்பது இங்கிலாந்தின் மின்டன் டைல்ஸ்.

இவ்வளவும் பார்த்தவுடன் பலர் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அதில்தான் வருத்தம். ஏனென்றால் இந்த மாளிகை இவாசாக்கி குடும்பம் குடியிருந்த இடம் இல்லை. விருந்துக்கும் விசேஷத்துக்கும் வெளிநாட்டு விருந்தாளிகளுக்கும் கட்டியது. சாப்பிட்டது, தூங்கியது, பிள்ளைகளை வளர்த்தது எல்லாம் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ஜப்பானிய வீட்டில். ஒரு நடைவழியில் திரும்பினால் அங்கே போய்விடலாம். ஆங்கில வீட்டின் உயர்ந்த கூரை சட்டென்று தாழ்ந்து, நாலு எட்டில் தத்தாமி பாய் வந்துவிடுகிறது. அதுவரை குரல் எழுப்பிப் பேசிக்கொண்டு வந்த கூட்டம் அந்த இடத்தில் தானாகவே குரலைத் தாழ்த்தியதைக் கவனித்தேன்.

அந்த வீடு முன்பு 550 ட்சுபோ, அதாவது ஏறக்குறைய 19,500 சதுர அடி. ஆங்கில மாளிகையைவிட அதுதான் மிகப் பெரியது. இன்று மிஞ்சியிருப்பது பெரிய கூடமும் அதைச் சுற்றிய சில பகுதிகளும்தான். போருக்குப் பின் இடம் முழுவதும் அமெரிக்கப் படையின் கைக்குப் போனது. பிறகு உச்ச நீதிமன்றத்தின் சட்டப் பயிற்சி நிறுவனம் இயங்கியது. 1961இல் ஆங்கில மாளிகைக்கும் பில்லியர்ட்ஸ் கூடத்துக்கும் முக்கியப் பண்பாட்டுச் சொத்து என்ற அந்தஸ்து கிடைத்தது. குடும்பம் வாழ்ந்த வீட்டின் பெரும்பகுதியோ இடிபட்டது. விருந்தாளிக்குக் கட்டியதைக் காப்பாற்றி, குடும்பம் வாழ்ந்ததை இடிக்க எப்படி மனம் வந்தது என்று எனக்கு இன்னும் ஆறவில்லை. கூடத்தின் கதவுகளில் ஹாஷிமோட்டோ காஹோ வரைந்ததாகச் சொல்லப்படும் ஓவியங்கள் மங்கிப்போய், சாயல் மட்டும் தெரிகிற நிலையில் இருக்கின்றன. அதற்கே இன்னொரு முறை போகலாம்.

கூடத்தையொட்டி மாட்சா தேநீர் கிடைக்கும். தோட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்து குடித்துவிட்டு, வெளியே வந்து பில்லியர்ட்ஸ் கூடத்தையும் பாருங்கள். ஸ்விட்சர்லாந்து மலைவீடு மாதிரி முழுக்க மரத்தில் கட்டியது. மாளிகையிலிருந்து அதற்கு நிலத்தடியில் ஒரு வழி இருக்கிறது. நுழைவுக் கட்டணம் 400 யென். இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள், அதில் பாதியைப் பாய் விரித்த வீட்டுக்கு வையுங்கள்.