‘தி டிவிஷன் பெல்’: பிங்க் ஃபிளாய்டின் ஆல்பமா, கில்மோரின் தனி ஆல்பமா?

இரவுக்கேட்பாளர் (கேள்வி)

பிரிட்டிஷ் ராக் குழுவான பிங்க் ஃபிளாய்டின் ஆல்பங்களை வெளிவந்த வரிசையிலேயே கேட்டு வருகிறேன். 1973இன் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ முதல் 1979இன் ‘தி வால்’ வரை உள்ளவற்றின் தகுதியைப் பற்றி எனக்கு ஐயமில்லை. 1985இல் பேஸ் கலைஞரும் பாடலாசிரியருமான ரோஜர் வாட்டர்ஸ் விலகிய பிறகு கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோரின் தலைமையில் வந்தவற்றை இரசிகர்களில் ஒரு சாரார் அக்குழுவின் படைப்புகளாகவே ஏற்பதில்லை என்பது தெரிந்ததால், 1994இல் வந்த ‘தி டிவிஷன் பெல்’ ஆல்பத்தைச் சற்றுத் தயக்கத்தோடுதான் கேட்கத் தொடங்கினேன். கடைசிப் பாடலான ‘ஹை ஹோப்ஸ்’ என்னை உலுக்கிவிட்டது. ஆனால் நடுவில் வரும் நான்கைந்து பாடல்கள், எத்தனை முறை கேட்டும் மனத்தில் தங்காமல் நழுவிப் போகின்றன.

இதை அக்குழுவின் முழுமையான ஆல்பமாகவே மதிப்பது சரியா, அல்லது கில்மோர் தனியாக எழுதிய பாடல்களுக்குப் பழைய பெயரைச் சூட்டியதாகக் கொள்வது சரியா? பிடித்தது, பிடிக்கவில்லை என்ற அளவில் நிறுத்தாமல், இசையில் எதைக் கேட்டு அம்முடிவுக்கு வந்தீர்கள் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

கருப்புவெள்ளைக்கட்டை

உங்கள் கேள்விக்கான விடை குழுவின் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட்டிடம் இருக்கிறது என்பது என் கருத்து. வாட்டர்ஸ் போனதையே எல்லோரும் பேசுகிறார்களே தவிர, அதற்கு முன்பே ரைட் போய்விட்டதைப் பேசுவதில்லை. ‘தி வால்’ ஒலிப்பதிவின்போதே அவர் குழுவிலிருந்து விலக்கப்பட்டார். அந்த ஆல்பத்துக்கான மேடை நிகழ்ச்சிகளில் ஊதியம் பெறும் கலைஞராகத்தான் வாசித்தார். 1983இன் ‘தி ஃபைனல் கட்’ ஆல்பத்தில் அவர் இல்லவே இல்லை. 1975இன் ‘விஷ் யூ வேர் ஹியர்’ ஆல்பத்துக்குப் பிறகு இசையமைப்பாளராக அவருடைய பெயர் குழுவின் எந்தப் புதிய ஆல்பத்திலும் இடம்பெறவில்லை. அந்த நீண்ட இடைவெளியை முடித்து வைத்தது ‘தி டிவிஷன் பெல்’தான்: அதன் 11 பாடல்களில் ஐந்தில் இசையமைப்பாளர்களுள் ஒருவராக ரைட்டின் பெயர் இருக்கிறது.

பெயர் இருப்பது வேறு, ஒலியில் அவர் இருப்பது வேறு என்று நீங்கள் கேட்கலாம். ‘க்ளஸ்டர் ஒன்’ பாடலைக் கவனியுங்கள். இரைச்சலுக்குள்ளிருந்து கீபோர்டின் நீண்ட சுரங்கள் மெல்ல எழுகின்றன. பியானோ இரண்டு மூன்று சுரங்களைச் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறது. கிட்டார் அதற்கு மறுமொழி சொல்கிறது. அவசரமே இல்லாத இந்த உரையாடல்தான் எழுபதுகளில் அக்குழுவின் உயிராக இருந்தது, 1987இன் ‘எ மொமென்டரி லாப்ஸ் ஆஃப் ரீசன்’ ஆல்பத்தில் காணாமல் போயிருந்ததும் அதுவேதான். பிறகு ‘வேரிங் தி இன்சைட் அவுட்’ வருகிறது. ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ ஆல்பத்துக்குப் பிறகு குழுவின் ஆல்பம் ஒன்றில் ரைட் முதன்மைக் குரலாகப் பாடியது இதில்தான். நீண்ட காலம் பேசாமல் இருந்த ஒருவர் மீண்டும் வாய் திறப்பதைப் பற்றிய பாடலை, தளர்ந்து கனிந்த அந்தக் குரலில், டிக் பேரியின் சாக்ஸபோன் முன்னே வழிகாட்டிச் செல்லக் கேட்கும்போது, இதைக் கில்மோரின் தனி ஆல்பம் என்று எப்படிச் சொல்ல முடியும் என்று எனக்குப் புரியவில்லை. (வரிகளை எழுதியவர் ஆன்டனி மூர், இருந்தாலும் ரைட்டின் வாழ்க்கையை அறிந்தவர்களால் அவற்றைப் பிறருடைய கதையாகக் கேட்க இயலாது.)

பழையவூசி

ரைட்டைப் பற்றி மேலே சொல்லப்பட்டவற்றை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் ஒரு குழு மீண்டும் கூடி நன்றாக வாசித்தது என்பதும், அது நல்ல ஆல்பத்தைத் தந்தது என்பதும் ஒன்றல்ல. இரவுக்கேட்பாளருக்கு நடுப்பகுதி நழுவிப் போவது அவருடைய கவனக்குறைவினால் அல்ல. அங்கே பிடித்துக்கொள்வதற்கு எதுவும் இல்லை.

முதல் குறை நீளம். ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ ஏறத்தாழ 43 நிமிடங்களிலும் ‘விஷ் யூ வேர் ஹியர்’ ஏறத்தாழ 44 நிமிடங்களிலும் முடிந்துவிடுகின்றன. இதுவோ 66 நிமிடங்களுக்கும் மேல் ஓடுகிறது. சிடி தந்த இடத்தையெல்லாம் நிரப்பியாக வேண்டும் என்ற தொண்ணூறுகளின் பழக்கம் பல மூத்த குழுக்களைக் கெடுத்தது, இவர்களும் தப்பவில்லை. 1994இல் வந்த ஒற்றை வைனில் தட்டில் இடம் போதாததால் பல பாடல்களைச் சுருக்கி வெளியிட்டார்கள் என்பதும், 2014இல் வந்த இரட்டை வைனிலில்தான் முழு நீளப் பாடல்கள் இடம்பெற்றன என்பதும் பலருக்குத் தெரியும். சுருக்கியதை ஒரு குற்றமாகவே எல்லோரும் சொல்வார்கள். நான் இன்னும் கொஞ்சம் சுருக்கியிருக்கலாம் என்பேன்.

இரண்டாவது குறைதான் பெரியது. வாட்டர்ஸின் வரிகளுக்கு எப்போதும் ஓர் எதிராளி இருந்தார். பள்ளி ஆசிரியர், இசை வணிகர், போரை நடத்தும் அரசியல்வாதி, சில வேளைகளில் தானே என்று யாராவது ஒருவர் மீது அந்தச் சினம் பாய்ந்தது. அது பல நேரங்களில் அளவு மீறியது, ‘தி ஃபைனல் கட்’ ஆல்பத்தில் இசையையே விழுங்கியது என்பதையும் மறுக்கவில்லை. ‘தி டிவிஷன் பெல்’ மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் பேசத் தவறுவதைப் பொருளாக எடுத்துக்கொள்கிறது. நல்ல பொருள்தான். ஆனால் யார் யாரிடம் பேசத் தவறினார்கள், என்ன சொல்லாமல் விட்டார்கள் என்ற திட்டவட்டம் பெரும்பாலான பாடல்களில் இல்லை. பெர்லின் சுவர் இடிந்ததையும் அதற்குப் பின் வந்த ஏமாற்றத்தையும் சொல்லும் ‘எ கிரேட் டே ஃபார் ஃப்ரீடம்’ இதற்கு ஒரு விலக்கு. ‘டேக் இட் பேக்’ பாடலோ, அக்காலத்தில் ஸ்டேடியங்களை நிரப்பிக்கொண்டிருந்த இளைய குழுக்களின் கிட்டார் ஒலியை எட்டிப் பிடிக்க முயல்வதாகவே எனக்குப் படுகிறது. அதற்கான தேவை இவர்களுக்கு எள்ளளவும் இல்லை. ஸ்டீபன் ஹாக்கிங்கின் கணினிக் குரலை ஒரு தொலைபேசி நிறுவனத்தின் விளம்பரத்திலிருந்து எடுத்து ‘கீப் டாக்கிங்’ பாடலில் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பாடலில் என் நினைவில் நிற்பது அந்தக் குரல் மட்டும்தான் என்பதே என் வாதத்துக்குப் போதுமான சான்று.

‘ஹை ஹோப்ஸ்’ பற்றி நமக்குள் கருத்து வேறுபாடு இருக்காது. ஒற்றை மணியோசையில் தொடங்கி, மைக்கேல் கேமன் அமைத்த இசைக்குழுப் பின்னணியின் மேல் கில்மோரின் லேப் ஸ்டீல் கிட்டார் அழுது ஓயும் வரை அதில் ஒரு நொடியும் வீணில்லை. மற்றப் பத்துப் பாடல்களையும் அதே கண்டிப்போடு ஏன் அணுகவில்லை என்பதே என் வருத்தம்.

மத்தளன்

கேள்வியில் உள்ள அளவுகோலையே முதலில் சரிபார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒருவர் எழுதி மற்றவர்கள் வாசித்தால் அது குழுவின் ஆல்பம் ஆகாது என்றால், எல்லாப் பாடல்களையும் வாட்டர்ஸ் ஒருவரே எழுதிய, உறையிலேயே ‘ரோஜர் வாட்டர்ஸ் எழுதியது, பிங்க் ஃபிளாய்ட் நிகழ்த்தியது’ என்ற பொருளில் அச்சிடப்பட்ட ‘தி ஃபைனல் கட்’ ஆல்பத்தையும் பட்டியலிலிருந்து நீக்க வேண்டியிருக்கும். அதை யாரும் செய்வதில்லை. 1987 ஆல்பத்தைத் தனி ஆல்பம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: அதில் பல பாடல்களுக்கு ஜிம் கெல்ட்னர், கார்மைன் அப்பீஸ் போன்ற வெளிக் கலைஞர்களும் டிரம் மெஷினும்தான் தாளம் தந்தன, குழுவின் டிரம்ஸ் கலைஞர் நிக் மேசன் ஓரமாகவே இருந்தார். இந்தக் குறை குழுவினருக்கே உறுத்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் மேசன் புதிதாக டிரம்ஸ் வாசித்து, ரைட்டின் பழைய மேடை வாசிப்புகளையும் சேர்த்து 2019இல் அந்த ஆல்பத்தை மறு மிக்ஸிங் செய்து வெளியிட்டிருக்க மாட்டார்கள். ‘தி டிவிஷன் பெல்’ ஆல்பத்துக்கு அப்படிப்பட்ட எந்தப் பழுதுபார்ப்பும் தேவைப்படவில்லை.

அது உருவான முறையும் வேறு. 1993இல் கில்மோர், மேசன், ரைட் மூவரும் பேஸ் கலைஞர் கை பிராட்டுடன் பிரிட்டானியா ரோ ஸ்டுடியோவில் கூடி, முன்திட்டம் இல்லாமல் வாசித்துப் பார்த்துத் துணுக்குகளைச் சேர்த்தார்கள். பிறகு தேம்ஸ் நதியில் நிற்கும் கில்மோரின் படகு ஸ்டுடியோவான ‘அஸ்டோரியா’வில் வேலை தொடர்ந்தது. எவற்றைப் பாடல்களாக வளர்ப்பது என்று முடிவு செய்ய மூவரும் மதிப்பெண் போட்டபோது, ரைட் தன்னுடையவற்றுக்கெல்லாம் பத்தும் மற்றவற்றுக்குச் சுழியும் போட்டாராம். பல ஆண்டுகள் வாய்ப்பு மறுக்கப்பட்ட ஒருவரிடம் வேறெதை எதிர்பார்க்க முடியும்? தனி ஆல்பம் செய்பவர்களுக்கு இப்படிப்பட்ட சிக்கல் வருவதே இல்லை.

வரிகளைப் பற்றிப் பழையவூசி சொல்வதில் பாதியை மட்டும் ஏற்கிறேன். எழுத்தாளர் பாலி சாம்சன் கில்மோருடன் சேர்ந்து எழுதியவற்றில் பொத்தாம்பொதுவானவை உண்டு. ஆனால் எதிராளி இல்லை என்பது சரியல்ல. எதிராளியைப் பெயர் சொல்லாமல் பேசுகிறார்கள். ‘லாஸ்ட் ஃபார் வேர்ட்ஸ்’ பாடலில் பகைவர்களுக்குக் கதவைத் திறந்து சமாதானம் கேட்பவருக்கு வசைதான் பதிலாகக் கிடைக்கிறது. அந்தப் பகைவர் யார் என்று ஊகிக்க குழுவின் பெயர் தொடர்பாக வாட்டர்ஸுடன் நடந்த சட்டப் பூசல் தெரிந்தவர்களுக்கு நெடுநேரம் ஆகாது. வாட்டர்ஸ் கத்தியிருப்பார்; கில்மோர் ஒரு மென்மையான அகூஸ்டிக் கிட்டாரை வைத்துக்கொண்டு அதையே முணுமுணுக்கிறார். எது கூர்மையானது என்பது கேட்பவரின் இயல்பைப் பொறுத்தது.

நடுப்பகுதி தங்கவில்லை என்றால், 1995இல் வந்த ‘பல்ஸ்’ மேடைப் பதிவில் இதே பாடல்களைக் கேட்டுப் பாருங்கள். ‘வாட் டூ யூ வான்ட் ஃப்ரம் மீ’ அங்கே கொள்ளும் வேகம் ஸ்டுடியோப் பதிவில் இல்லை. கில்மோரின் கிட்டார் தடித்து எரிகிறது, மேசனும் சற்றுத் தாராளமாக அடிக்கிறார்.

இரவுக்கேட்பாளர்

மூவருக்கும் நன்றி. ‘வேரிங் தி இன்சைட் அவுட்’ பாடலை ரைட்டின் வரலாறு தெரியாமல் கேட்டிருந்தேன். மேலே படித்த பிறகு மீண்டும் கேட்டபோது அது நடுப்பகுதியின் தொய்வுகளுள் ஒன்றாக இல்லை. இரண்டு துணைக் கேள்விகள். ‘போல்ஸ் அபார்ட்’ பாடலும் வாட்டர்ஸைப் பற்றியதுதானா? 2014இன் ‘தி எண்ட்லெஸ் ரிவர்’ ஆல்பத்தை இதனோடு சேர்த்துக் கேட்பதில் பயன் உண்டா?

பழையவூசி

‘போல்ஸ் அபார்ட்’ பாடலின் முதல் பகுதி சிட் பாரெட்டையும், அடுத்த பகுதி வாட்டர்ஸையும் நோக்கிப் பேசுவதாகச் சாம்சனே விளக்கியிருக்கிறார். குழுவை உருவாக்கியவரையும் பிறகு அதைத் தன் பிடியில் வைத்திருந்தவரையும் ஒரே பாடலில் அடுத்தடுத்து நிறுத்துவது துணிச்சலான வேலைதான், ஆல்பத்தின் நல்ல வரிகளும் அங்கேதான் இருக்கின்றன. நடுவில் திருவிழா ராட்டின இசை போன்ற ஒரு பகுதி குறுக்கிடுகிறதே, அது இல்லாமலிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். ‘பல்ஸ்’ பற்றி மத்தளன் சொன்னது உண்மை. ஆனால் ஒரு ஆல்பத்தைக் காப்பாற்ற அதன் மேடைப் பதிவைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியிருந்தால், ஸ்டுடியோவில் ஏதோ தவறியிருக்கிறது என்றுதானே பொருள்?

கருப்புவெள்ளைக்கட்டை

‘தி எண்ட்லெஸ் ரிவர்’ கட்டாயம் கேட்க வேண்டியது, ஆனால் பாடல்களை எதிர்பார்த்துக் கேட்காதீர்கள். ‘தி டிவிஷன் பெல்’ ஒலிப்பதிவில் மிஞ்சியவற்றை, 2008இல் ரைட் மறைந்த பிறகு, கில்மோரும் மேசனும் எடுத்துத் தொகுத்து முடித்தது அது. ஏறக்குறைய முழுவதும் வாத்திய இசைதான். வரிகளோடு பாடப்பட்டது கடைசியில் வரும் ‘லவுடர் தான் வேர்ட்ஸ்’ ஒன்றுதான். ‘ஹை ஹோப்ஸ்’ பாடலின் முடிவில் வரும் சொற்களிலிருந்துதான் ‘தி எண்ட்லெஸ் ரிவர்’ என்ற ஆல்பத் தலைப்பே எடுக்கப்பட்டது. ஆல்பம் என்ற அளவில் அது ‘தி டிவிஷன் பெல்’ ஆல்பத்தை விடத் தளர்வானது. ஆனால் 1993இல் அந்த மூவரும் ஒருவரை ஒருவர் எப்படிக் கவனித்து வாசித்தார்கள் என்பதற்கு அதைவிட நேரடியான சான்று வேறில்லை.

பழையவூசிக்கு ஒரு சொல். நீங்கள் வெட்டத் துடிக்கும் நீளத்தில்தான் ‘மரூண்டு’ இருக்கிறது. சிறந்த ராக் வாத்திய இசைக்காக 1995இல் கிராமி விருது பெற்றது அது, அந்த 1994 வைனிலிலும் வெட்டுப்பட்டது. பெடலை அழுத்தி ஒரே சுரத்தை ஒரு ஸ்தாயி மேலே தூக்கும் கில்மோரின் வித்தையை எல்லோரும் புகழ்வார்கள். நான் அதன் அடியில் ரைட் நகர்த்தும் ஸ்வரக்கட்டுகளை (கார்டுகளை) கேட்கச் சொல்வேன். முழு நீளத்தில், ஹெட்ஃபோனில் ஒருமுறை கேட்டுவிட்டு எந்த நிமிடத்தை வெட்டலாம் என்று சொல்லுங்கள்.

பழையவூசி

‘மரூண்டு’ அப்படியே இருக்கட்டும். ‘டேக் இட் பேக்’ பாடலை முழுவதுமாக எடுத்துவிட்டால் உங்களுக்கு ஆறு நிமிடங்கள் மிச்சம்.