யாரு இந்த ஆச்சி? – ஊரடங்கு நேரத்து நாடாளுமன்றப் பேச்சும் நம் வீட்டு அனுபவமும்

கானாடுகாத்தான்காரன்:

கொரோனா ஊரடங்கு நேரத்தில் ஒரு தலைவர் நாடாளுமன்றத்தில் நின்று பேசியது உங்கள் வீட்டுக்குள் எதையாவது மாற்றியதா? எங்கள் வீட்டில் மாற்றியது, அதுவும் நமக்குச் சம்பந்தமே இல்லாத நாட்டுத் தலைவர். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் எழுதுங்கள்.

2020 நவம்பர் 29 கார்த்திகைத் தீபம். அங்கிருந்து 21 நாளில் பிள்ளையார் நோன்பு. எங்கள் பெரிய வீட்டில் நோன்பு என்றால் எல்லாப் புள்ளியும் (கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி) சேர்ந்துதான். சென்னை, கோயம்புத்தூர், பெங்களூரு என்று எங்கே இருந்தாலும் வந்துவிடுவார்கள், வளவில் நாற்பது இலைக்குக் குறையாது. இழை எடுத்துக் கொடுப்பது எங்கள் அப்பச்சி (அப்பா), அப்போது அவருக்கு 79 வயது. இந்த வருஷம் அவரவர் வீட்டில் கும்பிட்டுக்கொள்ளட்டும் என்று நான் சொன்னதற்கு அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் இன்று வரை பதில் கிடையாது. "இழையத் தீயோடதானப்பா முழுங்குறோம், கிருமி எங்கேருந்து வரும்?" (நோன்பு தெரியாதவர்களுக்கு: புது வேட்டி நூல் 21 சேர்த்துத் திரித்து, மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வோம், அதுதான் இழை.) செப்டம்பரிலேயே மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டாம் என்றாகிவிட்டது, அதனால் சட்டத்தைக் காட்டியும் அவரை மடக்க முடியவில்லை.

இப்படி இழுபறியாக இருக்கும்போதுதான் ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்கிற தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். டிசம்பர் 9, ஜெர்மன் நாடாளுமன்றத்தில் பட்ஜெட் விவாதம், பேசுவது அப்போது அங்கே தலைமை அமைச்சராக இருந்த ஏஞ்சலா மெர்க்கல். கணக்குப்பிள்ளை ஐந்தொகை வாசிக்கிற மாதிரி ஏற்ற இறக்கமே இல்லாமல் பேசுகிற மனுஷி, அன்றைக்குக் கெஞ்சுகிறார். நவம்பர் 2லிருந்தே அங்கே ஹோட்டலும் பாரும் அடைத்துத்தான் கிடந்தன. ஜனங்கள் சும்மா இருப்பார்களா, தெருவில் சூடு பண்ணிய ஒயினும் வாஃபிளும் விற்கிற கடைகளைச் சுற்றி நின்றுவிட்டார்கள். அதை நிறுத்தச் சொல்வது எனக்கே மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதற்கு விலை ஒரு நாளைக்கு 590 உயிர் என்றால் என்னால் ஏற்க முடியாது என்பதுதான் அவர் பேச்சின் சாரம். அந்த 590 அன்றைய தேதிக்கு அங்கே உச்சம். அதே மாதக் கடைசியில் ஒரே நாளில் ஆயிரத்தையும் தாண்டியது.

அறிவியலைப் பற்றிச் சொல்லும்போது ஏஎஃப்டி என்கிற தீவிர வலதுசாரி எதிர்க்கட்சிக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். அதற்கு மெர்க்கல் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்தது: கிழக்கு ஜெர்மனியில் நான் இயற்பியல் படிக்கப் போனதே, எதை வேண்டுமானாலும் ரத்து செய்யலாம், புவியீர்ப்பையும் ஒளியின் வேகத்தையும் ரத்து செய்ய முடியாது என்று உறுதியாகத் தெரிந்ததால்தான் என்றார்.

அப்பச்சி பட்டாலையில் உட்கார்ந்து, நான் தமிழில் சொல்லச் சொல்லப் பார்த்துக்கொண்டிருந்தார். "யாரு இந்த ஆச்சி?" என்றார். சொன்னேன். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ரொம்பப் பேரைப் பார்த்துவிட்டு, கடைசியில் அதுவே தாத்தா பாட்டியோடு கழித்த கடைசிக் கிறிஸ்துமஸ் ஆகிவிட்டால் நாம் தவறிவிட்டோம் என்றுதான் ஆகும் என்று மெர்க்கல் சொல்கிற இடம் வந்தது. அங்கே நிறுத்தச் சொல்லி, மறுபடியும் போடச் சொன்னார். "நாட்டுக்கே பெரியவுக, உத்தரவு போட்டுட்டுப் போகாம ஏன் கெஞ்சுறாக?" என்று கேட்டார். அங்கே 16 மாநிலம், ஊரடங்கு விதியை அந்த அரசுகள்தான் போட வேண்டும், தலைமை அமைச்சர் அவர்களை இணங்க வைக்கத்தான் முடியும் என்றேன். "நம்ம வீடு மாதிரின்னு சொல்லு" என்றார்.

அன்று ராத்திரி ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் காப்பி குடித்துவிட்டு அவரே ஒவ்வொரு புள்ளிக்கும் போன் போட்டார். யாரையும் அதட்டவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். ஒரு சித்தப்பா மட்டும் கோபித்துக்கொண்டு குடும்பத்தோடு வந்தே விட்டார், முகப்பிலேயே உட்கார வைத்து இழை கொடுத்தோம். மற்றவர்கள் எல்லாம் வீடியோ கால். பணியாரத்தை எப்படி அனுப்புவது என்று ஆத்தாவுக்குத்தான் பெரிய கவலை.

தேவகோட்டை சமையல்:

நல்லா இருக்கு அண்ணே. நான் பார்த்த பேச்சு நம் ஊர் நாடாளுமன்றத்தில். 2020 செப்டம்பர் 14, கூட்டத்தொடரின் முதல் நாள். எம்பிக்கள் இரண்டு அவையிலும் பிரிந்து உட்கார்ந்திருந்தார்கள், கேள்வி நேரமே கிடையாது என்று வேறு சொல்லிவிட்டார்கள். சுகாதார அமைச்சர் ஹர்ஷ் வர்தன் ஊரடங்கை நியாயப்படுத்தி ஒரு கணக்கு சொன்னார்: 14 முதல் 29 லட்சம் பேருக்குத் தொற்று வராமலும், 37 ஆயிரம் முதல் 78 ஆயிரம் உயிர் போகாமலும் தடுத்திருக்கிறோம் என்று. சரி, உயிர் மிஞ்சியது நல்லதுதான், நான் அதை மறுக்கவில்லை.

ஆனால் நான் அப்போது உட்கார்ந்திருந்த இடத்தைச் சொல்ல வேண்டும். சித்திரை, வைகாசி, ஆனி என்று மூன்று மாத முகூர்த்தமும் போய், வாங்கின அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்து, அண்டா குண்டானெல்லாம் கவிழ்த்துப் போட்ட கொட்டகையில் உட்கார்ந்து செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் இனிப்புப் போட்டுக்கொண்டிருந்த ஜார்க்கண்ட் பையன்கள் இரண்டு பேர் மே மாதம் சிறப்பு ரயிலில் ஊருக்குப் போனவர்கள்தான், அதில் ஒருவன் நம்பர் அப்புறம் எடுக்கவே இல்லை. அன்றைக்கே ஒரு கேள்விக்குத் தொழிலாளர் அமைச்சகம் எழுத்தில் கொடுத்த பதில் என்ன தெரியுமா? ஊர் திரும்பியவர்கள் ஒரு கோடியே நாலு லட்சம் பேர் என்று எண்ணி வைத்திருந்தார்கள். அப்படிப் போகிறபோது செத்தவர்கள் எத்தனை பேர் என்றால், அந்தக் கணக்கு வைத்துக்கொள்வதில்லையாம். நடக்காமல் போன சாவுக்குக் கணக்கு இருக்கிறது, நடந்த சாவுக்கு இல்லை. கல்யாண வீட்டில் எனக்கு மிச்சமான சாம்பாருக்குக்கூடக் கணக்குக் கேட்பார்கள் அண்ணே. உங்கள் ஆச்சி வருத்தமாக இருக்கிறது என்றாவது சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் அன்று முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பள்ளத்தூர் டீச்சர்:

அதே மெர்க்கல்தான் 2021 மார்ச்சில் சறுக்கியதும். மாநிலத் தலைவர்களோடு விடிய விடியப் பேசி, ஈஸ்டருக்கு ஐந்து நாள் எல்லாவற்றையும் அடைக்கலாம் என்று முடிவெடுத்துவிட்டு, நடைமுறைக்கு ஒத்துவராது என்று தெரிந்ததும் மார்ச் 24ஆம் தேதி வாபஸ் வாங்கினார். இது என் தவறு, என் ஒருத்தியின் தவறு, மக்கள் மன்னிக்க வேண்டும் என்று சொல்லி, அதே நாள் நாடாளுமன்றத்திலும் வந்து அதையே சொன்னார். நம்பிக்கை வாக்கெடுப்பு வை என்றார்கள், அதற்கு மட்டும் மாட்டேன் என்றுவிட்டார். முப்பது வருஷம் வகுப்பெடுத்த எனக்குப் பிள்ளைகள் முன்னால் "நான் போட்டது தப்பு" என்று கரும்பலகையை அழிக்க எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். தேவகோட்டைத் தம்பி கேட்கிற வார்த்தை அவ்வளவு லேசில் வாயில் வராது.

கானாடுகாத்தான்காரன்:

டீச்சர், இதை அப்பச்சியிடம் வாசித்துக் காட்டினேன், தலையை ஆட்டினார். தேவகோட்டைத் தம்பி, நீங்கள் சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் வீட்டில் நோன்பை நிறுத்தினாலும் யாருடைய அடுப்பும் அணையவில்லை, அந்த வித்தியாசம் எனக்குத் தெரிகிறது.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. 2021 டிசம்பர் 8ஆம் தேதி மெர்க்கல் பதவியிலிருந்து இறங்கினார், எங்கள் நோன்பும் அந்த வாரம்தான் வந்தது. எல்லாப் புள்ளியும் வந்திருந்தார்கள், கோபித்த சித்தப்பா உட்பட. இழை கொடுத்து முடித்துக் கை கழுவிவிட்டு வந்த அப்பச்சி, "அந்த ஆச்சி போயிட்டாகளாம்ல, இப்ப யாரு?" என்று கேட்டார். ஓலாஃப் ஷோல்ஸ் என்றேன். பேர் வாயில் நுழையவில்லை. "சரி, அவரு பேசுனா ஒண்ணு அனுப்பச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் பந்தியைப் பார்க்கப் போய்விட்டார்.