281 ஓட்டில் தோற்றால் மறுபடி எண்ணச் சொல்லலாமா?

காளிங்கராயன்வாய்க்கால் கேட்டது:

எங்கள் தொகுதி மொடக்குறிச்சி. 2021 சட்டமன்றத் தேர்தலில் பாஜகவின் சி. சரஸ்வதி, திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசனை 281 ஓட்டில் ஜெயித்தார். அப்பா தோற்ற பக்கத்துக்கு பூத் ஏஜெண்டாக உட்கார்ந்தவர். இன்றைக்கும் டிவியில் தேர்தல் பேச்சு வந்தால் போதும், சாப்பாட்டுத் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு ஆரம்பித்துவிடுவார். "பூத்துக்கு ஒரு ஓட்டு சேர்ந்திருந்தா கதையே வேறடா. மறுபடி எண்ணியிருந்தா நாமதான்."

மெஷினில் பதிவான ஓட்டை எத்தனை தடவை எண்ணினாலும் அதேதானே வரும் என்பது என் வாதம். எண்ணிக்கைக்குப் போன அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: மறு எண்ணிக்கை கேட்கலாமா, எப்போது கேட்க வேண்டும், கேட்டால் எதுதான் மாறும்?

தறிச்சத்தம்:

281க்கே இப்படியா? அதே 2021ல் தியாகராய நகரில் வித்தியாசம் 137. காட்பாடியில் துரைமுருகனே 746ல்தான் கரையேறினார். எல்லாவற்றுக்கும் மேலே ராஜஸ்தானில் 2008ல் சி.பி. ஜோஷி. மாநிலக் காங்கிரஸ் தலைவர், நாத்துவாராவில் ஒரே ஒரு ஓட்டில் போனார். 62,216க்கு 62,215. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

ஓய்வுபெற்றவாத்தியார்:

தம்பி, நான் நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வாக்குச்சீட்டுக் காலத்திலிருந்து தேர்தல் வேலை பார்த்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன்.

கேட்கலாம். ஆனால் அதற்குக் கிடைப்பது சில நிமிடங்கள். கடைசிச் சுற்று முடிந்ததும் யாருக்கு எவ்வளவு என்று தேர்தல் நடத்தும் அலுவலர் மொத்தத்தைப் படிப்பார். வெற்றியை அறிவிப்பது அதற்கு அப்புறம். இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் நிறுத்துவார். வேட்பாளரோ அவருடைய ஏஜெண்டோ அந்த இடைவெளியில் காரணத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும். "வித்தியாசம் கம்மி" என்பது மட்டும் ஒரு காரணம் ஆகாது. அலுவலர் முழுசாக ஏற்கலாம், ஒரு பகுதியை மட்டும் ஏற்கலாம், ஏன் என்று எழுதிவிட்டு நிராகரிக்கவும் செய்யலாம். வெற்றியை அறிவித்துவிட்டால் அவர் கையில் ஒன்றும் இல்லை. 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போடுவதுதான் வழி.

சீட்டுக் காலத்தில் மறு எண்ணிக்கைக்கு அர்த்தம் இருந்தது. மை காயும் முன்னால் மடித்துப் போட்டுவிடுவார்கள். முத்திரை ஒரு சின்னத்தில் விழுந்திருக்கும், அதன் நிழல் எதிர்ப்பக்கச் சின்னத்தில் ஒட்டியிருக்கும். எது அசல், எது நிழல் என்று சீட்டை விளக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு இரண்டு கட்சி ஏஜெண்டுகளும் கத்துவார்கள். உங்கள் தொகுதி விஷயம் தெரியுமல்லவா? 1996ல் விவசாயிகள் எதிர்ப்பைக் காட்டக் கூட்டமாக மனுப் போட்டு 1,033 பேர் நின்றார்கள். அப்போது டெபாசிட் வெறும் 250 ரூபாய். வாக்குச்சீட்டைப் புத்தகமாகத் தைத்துக் கொடுத்தார்கள். அந்தப் புத்தகத்தில் ஜெயித்தவர் யார்? உங்கள் அப்பா இப்போது யாருக்காக வருத்தப்படுகிறாரோ, அதே சுப்புலட்சுமி ஜெகதீசன்.

மெஷினைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. ரிசல்ட் பொத்தானை நூறு தடவை அழுத்தினாலும் அதே எண்தான். பிழை வருவது வெளியில்தான். மேஜையில் எழுதிய எண்ணை மொத்தப் பட்டியலில் ஏற்றும்போது 317 என்பது 371 ஆகலாம். மெஷினைச் சோதிக்கக் காலையில் போட்ட மாதிரி வாக்குகளை அழிக்காமல் விட்டிருக்கலாம். இந்த மாதிரிச் சிக்கலான மெஷினைத் தனியே எடுத்து வைப்பார்கள். அதில் உள்ள ஓட்டைவிட வித்தியாசம் குறைவாக இருந்தால்தான் கடைசியில் அதைத் தொடுவார்கள். தொகுதிக்கு ஐந்து பூத்தைக் குலுக்கலில் எடுத்து விவிபேட் சீட்டையும், அதாவது ஓட்டுப் போட்டதும் சின்னம் அச்சாகிப் பெட்டிக்குள் விழும் சீட்டையும், எண்ணுகிறோம், 2019 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு அப்புறம். சீட்டும் மெஷினும் முரண்பட்டால் சீட்டுதான் கணக்கு.

மீதி இருப்பது தபால் ஓட்டு, தேர்தல் வேலைக்குப் போகும் எங்களைப் போன்றவர்கள் போடுவது. என் வயிற்றைக் கலக்கியது அதுதான்.

2016ல் ராதாபுரத்தில் அதிமுகவின் இன்பதுரை, திமுகவின் அப்பாவுவை 49 ஓட்டில் ஜெயித்தார். 203 தபால் ஓட்டை எண்ணாமல் ஒதுக்கியிருந்தார்கள். என்ன காரணம்? வாக்காளரின் உறுதிமொழிப் படிவத்தில் சான்றொப்பம் இட்டவர் நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியர். அவர் கெசட்டட் அதிகாரி இல்லை என்று வாதம். படித்ததும் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தேர்தல் பயிற்சி வகுப்பில் உடன் வேலை பார்த்த டீச்சர்கள் "சார், ஒரு கையெழுத்து" என்று வரிசையில் நிற்பார்கள். பச்சை மையில் போட்டு, சீலும் குத்திக் கொடுத்தேன். அதில் எத்தனை குப்பைக்குப் போனதோ. அந்த வழக்கில் தபால் ஓட்டுகளையும் 19, 20, 21ஆம் சுற்றுகளையும் மறுபடி எண்ணும்படி 2019 அக்டோபரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எண்ணியும் முடித்தார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. ஐந்து வருடமும் இன்பதுரைதான் எம்எல்ஏ. 2021ல் அப்பாவு அதே ராதாபுரத்தில் ஜெயித்து சபாநாயகரே ஆகிவிட்டார்.

இப்போது உங்கள் அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். வாக்குப்பதிவு முடிந்ததும் 17சி படிவத்தின் நகல் வாங்கினாரா? அந்த பூத்தில் மொத்தம் எத்தனை ஓட்டு பதிவானது, மெஷின் எண் என்ன, எல்லாம் அதில் இருக்கும். எண்ணிக்கை மேஜையில் ஏஜெண்டுக்கு உள்ள ஒரே ஆயுதம் அது. நான் ஒரு பூத்தில் தலைமை அலுவலராக இருந்தபோது ஏழு மணிக்கு நகலை நீட்டினால் வாங்க ஆள் இல்லை. ஏஜெண்டுகள் மூவரும் வெளியே வேனில் பரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். போய்க் கூப்பிட்டேன். "அப்புறம் வாங்கிக்கிறோம் சார்" என்றார்கள். வரவில்லை.

பூத் வாரியான முடிவு படிவம் 20ல் இருக்கும், மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் கிடைக்கிறது. இரண்டையும் வைத்துப் பாருங்கள்.

தறிச்சத்தம்:

ஐயா சொன்ன பரோட்டா கதை எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் பூத்தில் பிரியாணி.

காளிங்கராயன்வாய்க்கால்:

வாத்தியார் ஐயா, உங்கள் பதிலை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். 1996 புத்தகக் கதை வந்ததும் "நானும் அதுல புரட்டிப் புரட்டித்தான் குத்தினேன்" என்று ஒரே சிரிப்பு. 17சி என்றதும் சத்தமே இல்லை. எழுந்து போனார். ரேஷன் கார்டு வைக்கிற மஞ்சப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து வந்தார். மடிப்பில் கிழிந்திருந்தது, ஆனால் எண்கள் தெளிவாக இருந்தன. அவர் பரோட்டாவுக்குப் போகவில்லை, ஐயா.

படிவம் 20ஐ இறக்கி அந்த பூத் வரிசையில் நோட்டாவையும் சேர்த்துக் கூட்டினேன். தாளில் உள்ள மொத்தமும் அதுவும் ஒன்றுதான். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானும் ஒரு தடவை கூட்டிப் பார்த்தார்.

"இந்த பூத்து சரிதான்டா," என்றார். "மத்த பூத்து?"