வாஷிங்டனில் யாராவது ஒரு படம் எடுத்துத் தர முடியுமா?

வணக்கம் நண்பர்களே. வாஷிங்டனில் டூபான்ட் சர்க்கிளுக்கு அருகே, பி (P) தெருவில், உக்ரைன் கவிஞர் தாராஸ் ஷெவ்சென்கோவின் சிலை இருக்கிறது. அமெரிக்க உக்ரைனியர்கள் 1960இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் அனுமதி பெற்று, நிதி திரட்டி எழுப்பியது. 1964இல் முன்னாள் அதிபர் ஐசனோவர் திறந்துவைத்தார். சிற்பி கனடாவின் வின்னிபெக்கில் வாழ்ந்த லியோ மோல். பெரிய மீசைக் கிழவராகவே பார்த்துப் பழகிய கவிஞரை இளைஞராக நிறுத்தியிருக்கிறார். எனக்கு அதுதான் பிடித்தது.

புலம்பெயர்ந்தோர் எழுப்பிய சிலைகளைப் பற்றி எங்கள் வாசகர் வட்டத்தில் பேசப்போகிறேன். சிலைக்குப் பக்கத்துக் கல்லில் உள்ள, கிரேக்கப் புராண நாயகன் பிரமீத்தியஸின் புடைப்புச் சிற்பமும் பொறித்த எழுத்துகளும் கிட்டத்தில் வேண்டும். எனக்குக் கிடைத்ததெல்லாம் தூரத்துப் படங்கள். சாய்வெயிலில் எடுத்தால் புடைப்பு நன்றாகத் தெரியும். திறப்புவிழா நாளிதழ் நறுக்கு யாரிடமாவது இருந்தாலும் சொல்லுங்கள். மாதக் கடைசிக்குள் கிடைத்தால் போதும்.