மிச்சப்படுத்திய நீர் யாருக்குப் போய்ச் சேர்கிறது? – நாடுகளுக்கிடையிலான ஆற்று ஒத்துழைப்பும் நம் வாய்க்காலும்

கடைமடைவாசி (தலைஞாயிறு பக்கம்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். காவிரிப் பாசனத்தில் வரும் அரிச்சந்திரா நதியின் கடைசிப் பாசனப் பகுதியில் மூன்று ஏக்கரில் சம்பா சாகுபடி செய்கிறேன். எங்கள் ஊரில் நிலத்தடி நீர் உப்பு. குழாய்க் கிணறு போட்டாலும் அந்த நீர் பயிருக்கு ஆகாது என்பதால், ஆற்றில் வருவதும் ஐப்பசி கார்த்திகையில் பெய்வதும்தான் எங்களுக்கு நீர்.

மூன்று ஆண்டுகளாக வயலில் துளையிட்ட குழாய் ஒன்றைப் பதித்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகே மறுபடியும் தண்ணீர் கட்டுகிறேன். பெரியவர்கள் காய்ச்சலும் பாய்ச்சலுமாக என்று சொல்லிவந்ததைக் கண்ணால் பார்த்துச் செய்வதற்கு அந்தக் குழாய் உதவுகிறது. நடவு முடிந்த முதல் இரண்டு வாரமும் பூக்கும் பருவமும் தவிர மற்ற நாட்களில் இவ்வாறு செய்ததில் எனக்கு மகசூல் குறையவில்லை.

என் மனக்குறை வேறு. சென்ற பருவத்தில் எனக்குரிய முறைநாளில் தண்ணீர் வேண்டாம் என்று மடையை அடைத்தேன். அந்த நீர் எனக்குக் கீழே பயிர் வாடிக்கொண்டிருந்தவரின் வயலுக்குச் செல்லும் என்று நம்பினேன். ஆனால் அது ஏற்கெனவே நிறைந்திருந்த வேறொரு வயலில் ஏறி, அங்கிருந்து வடிகாலில் விழுந்து, உப்பாற்றோடு கலந்துவிட்டது. பல நாடுகள் ஓர் ஆற்றைப் பகிர்ந்துகொள்ளும் இடங்களில், உழவர் மிச்சப்படுத்தும் நீர் அடுத்தவருக்குச் சேரும்படி ஏற்பாடு ஏதேனும் இருக்கிறதா? அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத் தக்கது என்ன? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர் (தஞ்சாவூர்) எழுதியது:

தம்பி, பணிக்காலம் முழுவதும் என்னை உறுத்திய கேள்வி இது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மீகாங் ஆற்றை முதலில் பாருங்கள். கம்போடியா, லாவோஸ், தாய்லாந்து, வியட்நாம் ஆகிய நான்கும் 1995 ஏப்ரல் 5 அன்று ஒப்பந்தம் செய்துகொண்டு மீகாங் ஆற்று ஆணையத்தை அமைத்தன. நம் காவிரித் தீர்ப்பைப் போல இன்ன நாட்டுக்கு இவ்வளவு கன அடி என்ற பங்கீடு அதில் கிடையாது. வறண்ட மாதங்களில் ஆற்றின் ஓட்டம் ஏற்கத்தக்க அளவுக்குக் கீழே போகாமல் காப்பதும், நீர்மட்டத் தகவலைப் பரிமாறிக்கொள்வதும், பெரிய திட்டம் எதையும் தொடங்குமுன் மற்றவர்களுக்கு அறிவிப்பதுமே அதன் அடிப்படை. ஆற்றின் மேற்பகுதியை வைத்திருக்கும் சீனா அதில் உறுப்பினர் இல்லை. ஆயினும் 2002 முதல் வெள்ளக்கால நீர்மட்டத் தகவலையும், 2020 இறுதியிலிருந்து ஆண்டு முழுவதற்குமான தகவலையும் கீழுள்ள நாடுகளுக்குத் தந்துவருகிறது.

வெறும் தகவலால் வயலுக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். ஆறு மெலிந்தால் கடல் உள்ளே ஏறும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வியட்நாமின் மீகாங் வடிநிலத்திலும் அதுவேதான் துன்பம். 2015–16 வறட்சியில் அங்கே பெரும்பரப்பு நெல் உப்பேறி அழிந்தது. 2019–20இல் உப்பு அதைவிடக் கடுமையாக ஏறியது. ஆனால் நிலைமையை முன்னதாகவே கணித்து வழக்கத்துக்கு முன்பே விதைத்ததால் சேதம் வெகுவாகக் குறைந்தது. ஒரு சொட்டு நீரும் கூடுதலாக வரவில்லை, விதைத்த நாள்தான் மாறியது.

இனி நம் காவிரிக்கு வருவோம். 1892, 1924 ஒப்பந்தங்கள், 1990இல் அமைந்த நடுவர் மன்றம், 2007 பிப்ரவரி 5 இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரி 16 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்று நெடுந்தொலைவு வந்திருக்கிறோம். இன்று மாநில எல்லையில் உள்ள பில்லிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி) வர வேண்டும், அது ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95 என மாதவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அங்கே அளப்பது கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய இரு மாநிலத்தையும் சேராத மத்திய நீர் ஆணையம். வழக்கு எவ்வளவு கசப்பாக இருந்தாலும், அளக்கும் இடம் இன்னது என்று நிலைபெற்றிருப்பதால்தான் குறைவை எண்ணால் சுட்டிக்காட்டி நம்மால் கேட்க முடிகிறது.

மாநில எல்லையில் கன அடிக் கணக்குப் பார்க்கும் நாம், கல்லணைக்குக் கீழே கிளை வாய்க்காலுக்கு வந்ததும் “வாய்க்கால் நிறைய வருகிறது”, “கெண்டைக்கால் ஆழம் வருகிறது” என்று பேசுகிறோம். உங்கள் நீர் வடிகாலில் விழுந்ததற்குக் காரணம் இதுதான். நீங்கள் விட்டுக்கொடுத்த அளவு எந்த ஏட்டிலும் ஏறவில்லை. ஏட்டில் ஏறாத நீரை லஸ்கர் (மதகைத் திறந்து மூடும் பணியாளர்) யாருக்கென்று திருப்பிவிடுவார்? வாய்க்கால் தலைப்பில் ஓர் அளவுகோல் கல், நாள்தோறும் காலையும் மாலையும் இருவர் முன்னிலையில் ஒரு குறிப்பு என்ற அளவிலாவது தொடங்காமல், வயலில் எவ்வளவு சிக்கனம் செய்தாலும் அது அடுத்தவருக்குப் போய்ச் சேராது.

தலைமடை விவசாயி (திருவையாறு) எழுதியது:

பொறியாளர் ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். எங்கள் பகுதி வயலில் கசியும் நீர் முழுவதும் வீண் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அது மணலில் இறங்கி நல்ல நீராகவே நிற்கிறது. மேட்டூர் திறக்கும் முன்பே பம்புசெட் வைத்துக் குறுவை நாற்று விடுவது அந்த இருப்பை நம்பித்தான். நான் காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கட்டினால் மேலே மிச்சமாகும். அதே வேளையில் கீழே இறங்குவதும் குறையும். ஆகவே இங்கே ஓர் ஏக்கரில் மிச்சமாகும் நீரும் உப்பு நிலத்தின் மேலிருக்கும் தலைஞாயிற்றில் மிச்சமாகும் நீரும் கணக்கில் ஒன்றாகா. அங்கே கசிந்தது திரும்பக் கிடைப்பதே இல்லை.

இருப்பினும், மின்சாரம் இலவசம் என்பதால் நாங்கள் இறைப்பதில் அளவு பார்ப்பதில்லை என்பதும், ஆற்றில் தண்ணீர் வரும் மாதங்களில் இரவில் மடையைத் திறந்துவைத்துவிட்டு உறங்கப் போகிறோம் என்பதும் உண்மை. அந்த நீர் நிலத்தில் இறங்குவதில்லை. வரப்பைத் தாண்டி வடிகாலுக்குத்தான் போகிறது. எங்களிடம் முதலில் திருத்த வேண்டியது அது.

ஆய்வு மாணவி (நாகப்பட்டினம்) எழுதியது:

இரண்டு எடுத்துக்காட்டுகள் என் நினைவுக்கு வருகின்றன.

முதலாவது செனகல் ஆறு. மாலி, மொரித்தானியா, செனகல் ஆகிய மூன்றும் 1972இல் ஒரு கூட்டமைப்பை உருவாக்கின. 2006இல் கினியாவும் சேர்ந்தது. மாலிக்குள் உள்ள மனந்தாலி நீர்த்தேக்கமும், கடல் நீர் ஏறாமல் தடுக்க 1986இல் முகத்துவாரத்துக்கு அருகே கட்டிய தியாமா கதவணையும் எந்த மண்ணில் நின்றாலும் கூட்டுச் சொத்து. மேலே இருப்பவனின் அணை, கீழே இருப்பவனின் அணை என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. ஆனால் உப்பு நீர் ஏறுவது நின்றதும் ஆற்றில் சம்பங்கோரை மண்டியது. நத்தை வழியாகப் பரவும் நோய் கரையோர ஊர்களில் பெருகியது. கடைமடைக் கதவணைகளைக் கேட்கும் நாம் இதையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்று கருதுகிறேன்.

இரண்டாவது மத்திய ஆசியா. சிர் தாரியா ஆற்றுப் படுகையில் உள்ள கிர்கிஸ்தானின் தொக்தோகுல் அணைக்குக் குளிர்காலத்தில் மின்சாரம் எடுக்க நீர் வேண்டும். கீழே உஸ்பெகிஸ்தானுக்கும் கசகஸ்தானுக்கும் கோடையில் வயலுக்கு வேண்டும். கோடையில் நீர் விட்டால் குளிர்காலத்துக்கு நிலக்கரியும் எரிவாயுவும் கொடுப்பதாக 1998இல் உடன்பட்டார்கள். அது ஒழுங்காக நீடிக்கவில்லை. ஆனால் அதே படுகையின் ஃபெர்கானா பள்ளத்தாக்கில், 2001 முதல் கிர்கிஸ்தான், உஸ்பெகிஸ்தான், தஜிகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலும் தேர்ந்தெடுத்த கால்வாய்களில் உழவர்கள் சங்கம் அமைத்து, தலைப்பிலும் கிளையிலும் அளந்து, கால்வாய்க் குழுவில் தலைமடைக்காரரும் கடைமடைக்காரரும் ஒன்றாக உட்கார்ந்து முறை வகுத்தார்கள். மேல்மட்ட ஒப்பந்தம் தடுமாறிய காலத்திலும் கால்வாய் அளவில் அந்த வேலை நடந்தது என்பதே எனக்கு நம்பிக்கை தருகிறது. நம்மிடமும் 2000ஆம் ஆண்டின் விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் அமைந்த சங்கங்கள் பலவற்றுக்குத் தூர்வாருதலைத் தவிர வேறு பேச்சு இல்லாமல் போனது வருத்தத்துக்குரியது.

கடைமடைவாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. திருவையாற்று அண்ணன் சொன்ன வேறுபாட்டை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. நல்ல நீர் நிற்கும் மண்ணிலும் உப்பு நீர் நிற்கும் மண்ணிலும் சிக்கனத்தின் பொருள் வேறு என்பது புரிந்த பிறகு, தலைமடைக்காரரிடம் நான் கேட்க வேண்டியது இரவில் மடையை அடைக்கும்படி மட்டுமே என்று தோன்றுகிறது. அதை அவர் மறுக்கமாட்டார்.

எங்கள் வாய்க்காலில் 46 பேருக்கு நிலம் இருக்கிறது. மேலுள்ள இருவரிடமும் கடைசியில் உள்ள மூவரிடமும் நேற்று பேசினேன். தலைப்பு மதகிலும் நடுவில் பிரியும் இடத்திலும் அளவுகோல் கல் நடச் சம்மதித்திருக்கிறார்கள். முறைநாளில் தண்ணீர் வேண்டாம் என்பவர் முந்திய நாள் மாலைக்குள் சொல்லிவிட வேண்டும், அந்த முறை கடைசி வயலிலிருந்து மேல்நோக்கி வரிசையாகச் சேர வேண்டும் என்று பேசியிருக்கிறோம். பொறியாளர் ஐயா, எங்கள் வாய்க்காலின் அடி நான்கு முழ அகலம், மண் கரை. கல்லில் காணும் ஆழத்தைக் கன அடியாக மாற்றுவதற்கு ஓர் எளிய அட்டவணையை எவ்வாறு தயாரிப்பது என்று சொல்ல முடியுமா? மேட்டூர் நீர் எங்களை அடையுமுன் அதை முடித்துவிட விரும்புகிறோம்.