பாட்டில்நெக்: ‘குறுமடை’ எனலாமா?

வணக்கம்.

வேகமான வீட்டுக் கணினிக்கு என்னென்ன பாகங்கள் வாங்கலாம் என்று ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். செயலி, தாய்ப்பலகை, நினைவகம், வரைகலை அட்டை என்று சொற்களுக்குப் பஞ்சமில்லை. பாட்டில்நெக் (bottleneck), அதாவது மற்றவை எவ்வளவு வேகமாக இருந்தாலும் மொத்த வேகத்தையும் இழுத்துப் பிடிக்கும் மெதுவான பாகம், வந்த இடத்தில்தான் பேனா நின்றுவிட்டது. கட்டுரையின் உயிரே அந்தச் சொல்லில் இருப்பதால் ஒலிபெயர்த்துவிட்டு நகர மனம் வரவில்லை.

இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று நம் குழுவின் முந்தைய மடல்களில் வந்த பரிந்துரைகளைப் பார்த்தேன். ‘முட்டுக்கட்டை’ வண்டியை நகரவே விடாது. அதோடு, யாரோ வேண்டுமென்றே போட்டது என்ற பொருளும் ஒட்டிக்கொண்டுவிட்டது. ‘நெரிசல்’ விளைவைச் சொல்கிறது, நமக்கு வேண்டியது அது உண்டாகும் இடத்தின் பெயர். ‘புட்டிக்கழுத்து’ என்றால் கேட்பவர் கண்முன் புட்டிதான் வரும்.

என் பரிந்துரை ‘குறுமடை’. ஏரி தளும்பினாலும் வயலுக்கு வருவது மடை விடுகிற அளவுதான். மடை சிறியதாக இருந்தால் ஏரியைத் தூர்வாரியும் பயனில்லை, வாய்க்காலை அகலப்படுத்தியும் பயனில்லை.

இதை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். பழைய கணினிக்குப் புதுச் செயலி போட்டும் அது திறக்க அதே நேரம்தான் எடுத்தது. எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் செயலி சும்மா இருக்கிறது, வன்தட்டு மட்டும் 100 விழுக்காட்டில் திணறுகிறது. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு, தொடர்ச்சியாகப் படிக்கையில் நொடிக்கு 150 மெகாபைட்டுக்கு மேல் தரும். சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகள் என்றால் 1 மெகாபைட் வருவதே பெரும்பாடு. திறக்கும்போது கணினி தேடுவது பெரும்பாலும் அந்தச் சிறு கோப்புகளைத்தான். வன்தட்டுக்குப் பதிலாக, சுழலும் தட்டே இல்லாத சாட்டா எஸ்எஸ்டி சேமிப்பகம் ஒன்றை மாட்டியதும் கதையே மாறிவிட்டது.

அப்புறம், குறுமடை இடம் மாறும். ஒரே விளையாட்டை மிகத் தெளிவான 4கே திரையில் ஆடினால் பெரும்பாலும் வரைகலை அட்டை குறுமடை. தெளிவை அதைவிடக் குறைந்த 1080பி-க்கு இறக்கினால் செயலி குறுமடையாகிவிடலாம். நினைவகத்திலும் இப்படித்தான்: டிடிஆர்4-3200 என்ற வகையில் ஒற்றைக் குச்சி (நினைவக அட்டை) நொடிக்கு 25.6 ஜிகாபைட் வரை தரும். அதே அளவை இரண்டு குச்சிகளாகப் பிரித்து, சரியான துளைகளில் போட்டால் 51.2. தனி வரைகலை அட்டை இல்லாத கணினியில் வரைகலைக்கும் இதே நினைவகம்தான் என்பதால் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். அதனால்தான் ‘எந்தப் பாகம் சிறந்தது’ என்று கேட்பவரிடம் ‘உங்கள் வேலைக்குக் குறுமடை எது’ என்று திருப்பிக் கேட்க ஒரு சொல் வேண்டும் என்கிறேன்.

‘மடை திறந்த வெள்ளம்’ என்று வேகத்துக்கல்லவா சொல்கிறோம், எதிர்ப்பொருள் வராதா என்று ஒரு நண்பர் தனிமடலில் கேட்டார். நியாயமான கேள்வி. ‘குறு’ முன்னால் நின்று அந்தக் குழப்பத்தைத் தீர்க்கிறது என்று நினைக்கிறேன். குறுஞ்செய்தி, குறுந்தகடு என்று அந்த முன்னொட்டு நமக்குப் பழகியதுதான். மடை இன்றைய தலைமுறைக்குத் தெரியாது என்பதை மட்டும் ஏற்க மாட்டேன்; நிதியை ‘மடைமாற்றினார்கள்’ என்று செய்திகளில் படித்துக்கொண்டுதானே இருக்கிறோம்?

ஒரு இடத்தில் மட்டும் இன்னும் சிக்கல். செயலியின் வேகமே எல்லையாக இருக்கும் வேலையைக் குறிக்கும் சிபியு-பவுண்ட் (CPU-bound) என்பதற்குச் ‘செயலிக் குறுமடை வேலை’ என்று எழுதிப் பார்த்தேன், நாக்கில் உருளவில்லை. இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றுகிறதா?